பேரெண் கணக்கீட்டு நூலகம்

சி மொழியின் எண் வகைகளில் அடங்காத முழு எண்களை, நினைவகம் இடங்கொடுக்கும் வரை எந்த நீளத்திலும் கணக்கிட உதவும் செயற்கூறுகளின் தொகுப்பு பேரெண் நூலகம் ஆகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் பெயர் பெற்றவை. இத்தகைய பஞ்சாங்கங்களுக்கு அடிப்படையான சோதிட கணித மரபே பேரெண்ணின் தேவையை உணர்த்தப் போதும். கலியுகம் பிறந்து 1,872,000 நாட்களுக்கு மேல் கழிந்துள்ளன. சூரிய சித்தாந்தப்படி ஒரு மகாயுகத்தில் சந்திரன் 57,753,336 முறை சுற்றுகிறது. சந்திரனின் இடத்தைக் கணிக்க இவ்விரண்டையும் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கம் 15 இலக்கங்கள் கொண்டது; 32 பிட் எண்ணின் உச்சமோ 4,294,967,295. இந்தக் கணக்கை 64 பிட் தாங்கும். படைப்பின் தொடக்கத்திலிருந்து நாளெண்ணி, மகாயுகத்தைவிட மிக நீண்ட காலமான கற்பத்தில் சந்திரன் சுற்றும் எண்ணிக்கையால் பெருக்கினால் 23 இலக்கங்கள் வரும். அதை 64 பிட்டும் தாங்காது. குறியில்லா எண் எல்லை மீறினால் சி மொழி எச்சரிக்காது. மேல் பிட்டுகள் உதிர்ந்து, தவறான விடை சரியானதுபோல வந்து நிற்கும்.

இங்கு விவரிக்கும் நூலகத்தில் பேரெண் என்பது 32 பிட் துண்டுகளின் வரிசை. சிறிய இடமதிப்பு முதலில் வரும். துண்டுகளின் எண்ணிக்கையும் குறியும் தனியே வைக்கப்படும். பெருக்கும்போது இரு துண்டுகளின் பெருக்கத்தோடு, அவ்விடத்தில் ஏற்கெனவே உள்ள மதிப்பும் கீழிடத்திலிருந்து வரும் மிகுதியும் சேரும். மூன்றும் உச்சத்தில் இருந்தாலும் கூட்டுத்தொகை 64 பிட்டின் உச்சத்தைச் சரியாகத் தொடுமே தவிர, ஒன்றுகூட மிஞ்சாது. 32 பிட் துண்டைத் தேர்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. மிக நீண்ட எண்களுக்கு, நான்கு பெருக்கல்களை மூன்றாக்கும் கரட்சுபா முறை (1960) வேகமானது.

கடினமானது வகுத்தல்தான். டொனால்ட் நூத் 1969இல் வெளியிட்ட நூலில் தந்த முறையில், ஈவின் ஒவ்வொரு துண்டும் முதலில் ஊகிக்கப்பட்டுப் பின் திருத்தப்படுகிறது. 32 பிட் துண்டுகளில் கடைசித் திருத்தம் ஏறக்குறைய இருநூறு கோடியில் ஒரு முறைதான் தேவைப்படும். ஆகவே எழுந்தமானமான எண்களைக் கொண்டு பல முறை சோதித்தாலும் அங்குள்ள பிழை ஒளிந்தே இருக்கக்கூடும். அந்தத் திருத்தம் நிகழும் கிளைக்கென்றே எண்களைத் தெரிந்தெடுத்துச் சோதிக்க வேண்டும். விடை சரியென்றால், ஈவை வகுத்தியால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் திரும்ப வரவேண்டும்.

1991 முதல் வெளிவரும் ஜிஎம்பி இத்துறையின் முதன்மையான திறந்த மூல நூலகம். சொந்தமாக எழுதிய நூலகம் கற்பதற்கும் பஞ்சாங்கக் கணக்குக்கும் பயன்படும். மறைகுறியாக்கத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது: கணக்கிட எடுக்கும் நேரமே இரகசிய எண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும்.