ஹிஸ்டமின் தாங்காமை

ஹிஸ்டமின் தாங்காமை என்பது, உணவின் வழியே உடலுள் செல்லும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைப் போதிய அளவு சிதைக்க இயலாத நிலையில் தோன்றும் அறிகுறிகளின் தொகுப்பாகும். இது ஒவ்வாமையை ஒத்திருப்பினும் ஒவ்வாமை அன்று. எனவே ஒவ்வாமைக்கான தோற்சோதனையிலும் குருதிச் சோதனையிலும் எதுவும் புலப்படுவதில்லை. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற விடையுடன் திரும்பும் நோயாளி, தமது துன்பமே நம்பப்படவில்லை என உணர்வதுண்டு. மறுபுறம், இதனைத் தனி நோயாக ஏற்பதில் மருத்துவரிடையே ஒத்த கருத்து இன்னும் ஏற்படவில்லை.

காரணம்

உணவிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைச் சிலவகை பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. சூரை, சாளை, அயிலை ஆகிய மீன்களில் ஹிஸ்டிடின் மிகுதி. பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடப்படாத மீனில் ஹிஸ்டமின் பெருகும். அவ்வாறு உருவானது வேகவைத்தாலும், பொரித்தாலும், கருவாடாக உலர்த்தினாலும் அழியாது. அளவு மிகுந்தால் அது எவருக்கும் நஞ்சே. சிறிதளவாயின், சிறுகுடலில் உள்ள டையமீன் ஆக்சிடேசு என்னும் நொதி அதனைச் சிதைத்துவிடும். இந்நொதியின் செயற்பாடு குறைந்தவர்களுக்கு முகச்சிவப்பு, தலைவலி, அரிப்பு, மூக்கொழுகல், படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியன ஏற்படலாம்.

இலங்கை ஆய்வுகள்

சில மருந்துகளும் இந்நொதியைத் தடுக்கின்றன. காசநோய்க்கு வழங்கப்படும் ஐசோனியசிட் அவற்றுள் ஒன்று. இம்மருந்தை உட்கொள்வோர் ஹிஸ்டமின் மிகுந்த மீனை உண்டபின் அடையும் தலைவலி, முகச்சிவப்பு, படபடப்பு பற்றி இலங்கை மருத்துவர்களான உரகொட, கொட்டேகொட ஆகியோர் 1977 இல் எழுதினர். மறு ஆண்டில் செனநாயக்க, வைரவநாதன் முதலியோர், இத்தகைய நோயாளி ஒருவருக்குச் சூரை மீன் உண்டபின் பக்கவாதம் நேர்ந்ததைப் பிரித்தானிய மருத்துவ இதழில் பதிவு செய்தனர். உண்ட உணவையும் விசாரித்தால்தான் இத்தகைய தொடர்பு வெளிப்படும். குற்றம் மாத்திரையுடையது என்று எண்ணி நோயாளி தாமாகவே மருந்தை நிறுத்திவிட்டால் காசநோய் முற்றும். விலக்க வேண்டியது மீனையே.

விருதுநகர் வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. கடல்மீன் தூத்துக்குடி, இராமநாதபுரம் கரைகளிலிருந்து வர வேண்டும்; வழியில் பனிக்கட்டி குறைந்தால் இடர் மிகும். சிவகாசி, சாத்தூர்ப் பகுதிப் பட்டாசு ஆலைகளில் கந்தகம், வெடியுப்பு, அலுமினியத் தூள் ஆகியன கையாளப்படுகின்றன. ஆதலால் அங்குள்ள தொழிலாளரின் தலைவலியும் அரிப்பும் தூசியால் வந்தவை என்றே முதலில் எண்ணத் தோன்றும். அதற்கு நியாயமும் உண்டு. எனினும் விடுமுறை நாளிலும் கருவாட்டுக் குழம்புக்குப் பின் அவை தோன்றுமாயின் உணவையும் ஆராய வேண்டும்.

சித்த மருத்துவ மரபில் தோல்நோயாளிகள் விலக்கும் "கரப்பான் பண்டங்களுள்" கருவாடும் கத்தரிக்காயும் அடங்கும். இவ்விரண்டும் இக்கால ஹிஸ்டமின் பட்டியல்களிலும் காணப்படுவது சுவையான செய்தி. ஆயினும் இரு கோட்பாடுகளும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

கண்டறிதல்

குருதியில் நொதியின் அளவைக் காணும் சோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது என 2021 இல் வெளியான செருமானிய வழிகாட்டி கூறுகிறது. உண்டது, உண்ட நேரம், அறிகுறி தோன்றிய நேரம், உட்கொண்ட மருந்து ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது பயன்தரும். பின்னர் 10 முதல் 14 நாட்கள் ஐயத்திற்குரிய உணவுகளைக் குறைத்து, ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்துப் பார்ப்பர். பாலாடைக்கட்டி, திராட்சை மது எனத் தொடங்கும் மேலைநாட்டுப் பட்டியல்களை அப்படியே பின்பற்றுவதால் நம்மவர்க்குப் பயன் குறைவு.