ஸ்பானிய மொழியின் இரு இறந்தகாலங்கள்

இலத்தீன் மொழியில் ‘சொன்னேன்’, ‘சொல்லியிருக்கிறேன்’ ஆகிய இரு பொருளுக்கும் ‘திக்சி’ என்ற ஒரே வினைமுற்று வழங்கிற்று. ஸ்பானிய மொழியின் ‘திஹே’ (சொன்னேன்) அதன் நேர்வழித் தோன்றலாகும். இரண்டாவது பொருளுக்குரிய வடிவமோ உடைமை வினையொன்றிலிருந்து பிறந்தது. ‘எழுதப்பட்ட கடிதங்களை உடையேன்’ என்பது போன்ற தொடர், பேச்சு இலத்தீனில், நாளடைவில் ‘கடிதங்களை எழுதியிருக்கிறேன்’ எனப் பொருள் திரிந்தது. ‘எழுதப்பட்ட’ என்பது கடிதங்களுக்கு அடையாதலின், பழைய ஸ்பானிய மொழியில் அது ‘எஸ்கிரீத்தாஸ்’ எனப் பெண்பாற் பன்மை விகுதி ஏற்பதுண்டு. ‘சித்’ காவியத்திலும் இத்தகைய இயைபு காணப்படுகிறது.

‘அபேர்’ என்னும் அவ்வினை, உடைமைப் பொருளைப் படிப்படியாகத் ‘தெனேர்’ என்பதற்கு விட்டுக்கொடுத்து, வெறுந் துணைவினையாய் ஒடுங்கிற்று. அதனுடன் வரும் சொல்லும் ‘எஸ்கிரீத்தோ’ என மாறா வடிவாய் நிலைத்தது. 1492இல் காஸ்திலிய மொழிக்கு இலக்கணம் வகுத்த நெப்ரிஹா இதனைக் குறித்தார். பாலும் எண்ணும் காட்டாத இச்சொல்லைப் பிறவற்றுள் அடக்க இயலாமையின், அதனைத் தனிச் சொல்வகையாகவே கொண்டு, காஸ்திலியச் சொற்கள் பத்து வகைப்படும் என்றார். இத்தனைக்கும் அவர் இலத்தீன் ஆசிரியர்.

ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்று காலை நிகழ்ந்ததைக் கூட்டுவடிவாற் கூறுவர்; மெக்சிக்கோவிலோ அதற்கும் பழைய தனிவடிவமே பெரிதும் வழங்குகின்றது.