முதல் பெயர் யாருக்கு? - இதய ஆராய்ச்சியில் சில பெண்கள்

ஆராய்ச்சிக் கட்டுரை எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு பழக்கம். தலைப்பைப் படிச்ச கையோட, கீழே இருக்கிற பெயர் வரிசையைப் பார்த்துடுவேன். நம்மூர்ல கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப் போனால் சித்தப்பா ரெண்டு வருஷம் பேச மாட்டார் இல்லையா, அதைவிடப் பெரிய அரசியல் இங்கே நடக்கும் :-)

மருத்துவ ஆராய்ச்சியில் இந்த வரிசைக்கு ஒரு இலக்கணம் உண்டு. அதிகம் உழைத்தவர் பெயர் முதலில். வழிகாட்டிய பெரியவர் பெயர் கடைசியில். மற்றவர்கள் நடுவில். பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம், விருது எல்லாத்துக்கும் பார்க்கப்படுவது பெரும்பாலும் அந்த முதலும் கடைசியும்தான்.

2006-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கணக்கு வந்தது. அமெரிக்காவின் ஆறு முக்கிய மருத்துவ இதழ்களை எடுத்து, அந்நாட்டு மருத்துவர்கள் எழுதியவற்றில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார்கள். 1970-ல் முதல் பெயராகப் பெண் இருந்தது 5.9 சதவீதம். 2004-ல் 29.3. கடைசிப் பெயர் 3.7-லிருந்து 19.3 ஆனது. இத்தனைக்கும் அந்த ஆறில் குழந்தை மருத்துவமும் மகப்பேறும் சேர்த்தி. இதயத் துறையில் பெண்கள் அதைவிடக் குறைவு.

சரி, எண்கள் போதும். ஆட்களைப் பார்ப்போம்.

முதலில் மாட் அபட். கனடாக்காரர், பிறந்தது 1869. மெக்கில் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தங்கப் பதக்கத்தோடு முடித்தார். அதே மெக்கிலில் மருத்துவம் படிக்கக் கேட்டபோது "பெண்களுக்கு இடமில்லை" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பிஷப்ஸ் கல்லூரிக்குப் போய் 1894-ல் டாக்டரானார். கூத்து என்னன்னா, இடம் தராத மெக்கிலே பிறகு அவரைத் தன் மருத்துவ அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு எடுத்தது. ஜாடியில் ஊறிக்கொண்டிருக்கும் உறுப்புகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை!

அங்கேதான் விவரச் சீட்டு இல்லாத ஒரு விநோத இதயம் அவர் கண்ணில் பட்டது. புகழ்பெற்ற வில்லியம் ஆஸ்லருக்கு எழுதிக் கேட்டார். அது 1824-ல் ஆண்ட்ரூ ஹோம்ஸ் என்பவர் விவரித்த இதயம் என்று தெரியவந்தது. பிறவி இதயக் கோளாறுகள் மேல் அவருக்குப் பிடிப்பு வந்தது இப்படித்தான். ஆஸ்லரின் பெரிய மருத்துவ நூல் வரிசைக்கு 1908-ல் அவர் எழுதிய அத்தியாயம் 412 இதயங்களை அலசியது. 1936-ல் வெளியிட்ட அட்லஸில் ஆயிரம் இதயங்கள்.

இதுக்கு முன்னாடி நடந்த ஒண்ணு என்னை ரொம்பப் படுத்தியது. இதய முணுமுணுப்பு பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரையை 1899-ல் மாண்ட்ரியல் மருத்துவச் சங்கத்தில் வாசித்தது அவரில்லை, ஒரு ஆண் மருத்துவர். சங்கத்தில் பெண்கள் உறுப்பினர் கிடையாது. கட்டுரைக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது, அதன் பிறகுதான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மெக்கில் மருத்துவப் படிப்பில் பெண்கள் நுழைந்தது 1918-ல். அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1910-ல், அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். படிக்கத்தான் விடவில்லை!

அடுத்து ஹெலன் டாசிக், பிறப்பு 1898. ஹார்வர்டில் வகுப்பில் உட்காரலாம், பட்டம் மட்டும் தரமாட்டோம் என்றார்கள். (ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1945-ல்தான்.) ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போய் 1927-ல் டாக்டரானார். 1930-லிருந்து அங்கே குழந்தைகள் இதயப் பிரிவு அவர் பொறுப்பில். காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. ஸ்டெதாஸ்கோப்பை நம்ப முடியாத நிலையில், குழந்தையின் நெஞ்சில் கை வைத்தே துடிப்பைப் படித்தார்.

அவரிடம் வந்தவை 'நீலக் குழந்தைகள்'. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகி, ரத்தத்துக்குப் பிராணவாயு போதாமல் உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். டாசிக் ஒன்றைக் கவனித்தார். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்னக் குழாய் சில குழந்தைகளுக்கு மூடாமல் இருக்கும். அவர்கள் ஓரளவு நன்றாக இருக்கிறார்கள். அது மூடியதும் நீலம் கூடுகிறது. அப்படியானால் அந்தக் குழாயைச் செயற்கையாக அமைத்தால்? பாஸ்டனில் ராபர்ட் கிராஸிடம் போய்ச் சொன்னார். 1938-ல் அந்தக் குழாயை *மூடி*ப் பெயர் வாங்கியவர் அவர். ஆர்வம் காட்டவில்லை.

1941-ல் ஹாப்கின்ஸுக்கு வந்த அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் ப்ளாலாக் காது கொடுத்தார். கைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றைத் திருப்பி நுரையீரல் தமனியில் தைப்பது திட்டம். நாய்களில் செய்து பார்த்து முறையைத் தேர்த்தவர் ப்ளாலாக்கின் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ். கறுப்பர். பண வசதியில்லாமல் கல்லூரிக் கனவைக் கைவிட்டவர். ஆஸ்பத்திரிப் பதிவில் அவருக்குத் துப்புரவுப் பணியாளர் சம்பள நிலை. 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, ப்ளாலாக்கின் பின்னால் ஒரு ஸ்டூலில் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னது அவர்தான்.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை வந்தது. மூன்று குழந்தைகளின் கதை. முதல் பெயர் ப்ளாலாக். இரண்டாவது டாசிக். தாமஸ் பெயரே இல்லை.

யோசனை யாருடையது, கை யாருடையது என்று பிறகு வந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. அறுவை செய்தவர் முதலில் வருவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். ப்ளாலாக் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி உறுப்பினரானது அதே 1945-ல். டாசிக் உறுப்பினரானது 1973-ல். இருபத்தெட்டு வருஷம்! ஹாப்கின்ஸ் அவரை முழுப் பேராசிரியர் ஆக்கியதே 1959-ல்தான். தாமஸுக்கு 1976-ல் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. இப்போது பல மருத்துவர்கள் அந்த அறுவையை ப்ளாலாக்-தாமஸ்-டாசிக் என்று மூன்று பெயரும் சேர்த்தே சொல்கிறார்கள்.

டாசிக்கிடம் பயிற்சி பெற்றவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்தார், ரங்கூனில் மருத்துவம் படித்தார். போர் துரத்த 1942-ல் குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர். 103 வயதில், 2020-ல் கொரோனாவில் காலமானார்.

அவருடைய 1959 கட்டுரை ஒன்று அமெரிக்காவின் 'சர்குலேஷன்' இதழில் இருக்கிறது. டெல்லியில் நுரையீரல் கெட்டு அதனால் இதயம் பழுதான 127 நோயாளிகள் பற்றியது. முதல் பெயர் அவருடையது. புகைபிடிக்கும் ஆண்களுக்கு வருவது சரி, பீடி சிகரெட் தொடாத பெண்களுக்கும் ஏன் இத்தனை வருகிறது? பார்வை அடுப்படிப் புகை பக்கம் திரும்பியது.

எனக்கு இந்தப் பெயர் வரிசை முக்கியமாகப் படுவது இதனால்தான். யாருக்கு மாலை என்பது ஒரு பக்கம். கட்டுரையை முன்னின்று எழுதுபவர்தான் எந்தக் கேள்வியைக் கேட்பது என்றும் தீர்மானிக்கிறார். விறகடுப்பு முன்னாடி உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த பெண்களை ஒரு ஆண் மருத்துவரும் கவனித்திருக்கலாம்தான். ஆனால் 1959-ல் அதை முதல் பெயராக நின்று எழுதியது பத்மாவதி.

உங்கள் துறையில் இப்படி இரண்டாவதாக நின்றுபோன, அல்லது இல்லாமலே போன பெயர்கள் தெரிந்தால் எழுதுங்க மக்களே. படிக்கக் காத்திருக்கேன்.