பருத்திக்குன்றமும் பட்டுப்புடவையும்

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்ததை இப்பகுதியினர் யாரும் மறந்திருக்க இயலாது. மேற்குத் தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நீர் நின்றது. நாங்கள் மாடிக்கு ஏறினோம். அரிசி ஏறியது, அடுப்பு ஏறியது, ஆவணங்கள் ஏறின. இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருந்த என் அன்னையாரின் கூறைப்புடவை மட்டும் யார் நினைவுக்கும் வரவில்லை. நான்காம் நாள் பீரோவைத் திறந்தோம். அரக்குச் சிவப்பு கரையின் பச்சையோடு கலந்து, சரிகை கறுத்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புடவையைப் பாதுகாப்பதாக எண்ணி நான்தான் அதைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு வைத்திருந்தேன். நீர் உள்ளே புகுவதை அந்த உறை தடுக்கவில்லை. புகுந்த நீர் வெளியேறுவதை மட்டும் நன்றாகத் தடுத்தது.

1950களில் ஆரணியில் வாங்கிய புடவை அது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் என் பாட்டியார் அதைத் தேக்குப் பெட்டியில், பழைய மல் வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டுகளோடு பரண்மேல் வைத்திருந்தார். அங்கே முப்பது ஆண்டுகள் பழுதின்றி இருந்தது. முதுகலை படித்த நான் அதை நான்கு நாளில் பாழாக்கினேன். மலர்க் குழுவினர் இவ்வாண்டு கட்டுரை கேட்டபோது, ‘பழைய பட்டாடைகளைக் காப்பது எப்படி என்று எழுதுங்களேன்’ என்று ஒரு சகோதரியார் சொன்னார். சமணர் மலரில் பட்டைப் பற்றி எழுதுவதா என்று முதலில் தயங்கினேன். தயக்கத்துக்குரிய அந்த இடத்திலிருந்தே தொடங்குவது நேர்மை என்று பட்டது.

பட்டுக்கு வடமொழியில் கௌசேயம் என்று பெயர். கோசம் என்பது கூடு, உறை. கூட்டிலிருந்து பெறப்பட்டது கௌசேயம். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் துகில் வகைகளை அடுக்கும்போது அச்சொல்லின் தமிழ் வடிவமாகிய கோசிகத்தை முதலில் வைக்கிறார். இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகார் நகரத்து நெசவாளரைப் பேசுமிடத்தில் பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகிய மூன்றும் வருகின்றன. பட்டு தமிழருக்குப் புதியதன்று. சமணப் புலவர்க்கும் அயலானதன்று. கூடு என்னும் சொல்லையே பெயருக்குள் வைத்திருக்கும் துணி, அந்தக் கூட்டுக்குள் இருந்த உயிர் என்னவாயிற்று என்ற கேள்வியையும் உடன் கொண்டுவருகிறது.

காஞ்சிபுரத்துக்கு நாம் போகாத ஆண்டு இல்லை. திருமணப் புடவை எடுக்க ஒரு முறை, திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதரையும் சந்திரப்பிரபரையும் தரிசிக்க ஒரு முறை. வேகவதிக் கரையிலுள்ள அவ்வூர்தான் ஜினகாஞ்சி. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கே நிர்க்கிரந்தர் மிகுதியாக இருந்ததைக் குறித்துச் சென்றார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர அரசின் அமைச்சரான இருகப்பர் அங்கே சங்கீத மண்டபம் எடுப்பித்தார். அதன் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளைச் சொல்லும் ஓவியங்களை இன்றும் காணலாம். கழுத்து வலித்தாலும் ஒரு நாழிகை நின்று, அவற்றிலுள்ள மாந்தரின் ஆடைகளைப் பாருங்கள். டி. என். இராமச்சந்திரன் 1934இல் எழுதிய நூல் இக்கோயில்களை உலகறியச் செய்தது.

அவ்வூரின் பெயரை நாம் எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறோம். பொருளை எண்ணிப் பார்த்ததுண்டா? பருத்திக்குன்றம்! பட்டுக்குப் பேர்போன காஞ்சியில் நம் பங்காகிய பகுதி பருத்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊர்ப்பெயரிலிருந்து வரலாற்றை முடிந்த முடிபாகச் சொல்லிவிடக் கூடாது என்பதை அறிவேன். (சேலையூரில் வாழும் உறவினர் ஒருவர் தம் ஊர்ப்பெயருக்கும் புடவைக்கும் தொடர்பு கற்பித்து மகிழ்வார், நான் அதற்கு உடன்பட்டதில்லை.) ஆயினும் அப்பெயர் என்னை உறுத்தாமல் விட்டதில்லை.

உறுத்தலின் காரணம் எளியது. முசுக்கட்டை இலையைத் தின்று வளரும் புழு, ஏறத்தாழ ஓராயிரம் மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுபடும். எனவே அது வெளிவருமுன் ஆவியிலோ வெந்நீரிலோ கொல்லப்படுகிறது. ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என்று இம்சையை நான்காக வகுத்து, இல்லறத்தார் முதலாவதை அறவே விலக்க வேண்டும் என்றனர் நம் ஆசாரியர். ‘நாம் கொல்லவில்லையே, வாங்கத்தானே செய்கிறோம்’ என்பார் உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசுகிற அறத்தில் அந்த விடை நிற்காது. புலால் மறுத்தலில் வள்ளுவர், வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்னும் கருத்தை வைத்துவிட்டார். இறைச்சிக்குப் பொருந்துவது பட்டுக்குப் பொருந்தாது என்று வாதிட எனக்குத் துணிவில்லை.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. காஞ்சி காமகோடி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டைக் கைவிடுமாறு பெண்களிடம் வேண்டியதைப் பலர் அறிவர். ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராய் இருந்த காலத்தில் அவருடைய துணைவியார் ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுப்புடவை கிடைக்குமா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையாவின் மனத்தில் தைத்தது. அந்துப்பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்கும் முறையை அவர் வளர்த்தெடுத்து, ‘அகிம்சைப் பட்டு’ என்று பெயரிட்டுக் காப்புரிமையும் பெற்றார். அறுபட்ட இழையை நூற்க வேண்டியிருப்பதால் அதில் காஞ்சிப் பட்டின் பளபளப்பு இராது, விலையும் கூடுதல். வளர்ப்பினமாகிவிட்ட அந்தப் பூச்சியால் பறக்க இயலாது. முட்டையிட்டுச் சில நாளில் மடிந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் கொதிநீரை விட அது மேல்.

புதிதாக வாங்குவது பற்றி அவரவர் இல்லம் முடிவு செய்யட்டும். நம் பீரோக்களில் ஏற்கெனவே இருப்பவற்றை என்ன செய்வது? ‘எரித்துவிடுங்கள்’ என்று ஓர் இளைஞர் ஒரு கூட்டத்தில் சொன்னார். எரிப்பதால் எந்த உயிர் மீளும்? என் கருத்து வேறு. ஒரு புடவை மூன்று தலைமுறைக்கு உழைத்தால் இரண்டு புடவைகளுக்கான கூடுகள் கொதிநீருக்குப் போகாமல் தப்புகின்றன. இருப்பதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பதும் ஒருவகைக் கொல்லாமையே என்று கொள்கிறேன். காக்கும் கலையோ நமக்குப் புதிதன்று. ஜேஷ்ட மாதத்துச் சுக்கில பஞ்சமியில் நாம் கொண்டாடும் சுருத பஞ்சமி அதற்குச் சான்று. தரசேனாசாரியரிடம் பாடம் கேட்ட புஷ்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமத்தை நிறைவு செய்த நாள் அது. பூதபலியார் தமிழகத்துக்கு வந்தார் என்று தவளை உரை கூறுவது நமக்குப் பெருமை. அந்நாளில் ஏடுகளை வெளியே எடுத்து, தூசு தட்டி, காற்றாட வைத்து, புதுத்துணியில் சுற்றி மீண்டும் வைப்பது மரபு. வழிபாடாகச் செய்ததால் அது தவறாமல் நடந்தது, ஏடுகளும் பிழைத்தன. ஜப்பானில் நாரா நகரத்துத் தோதாய்ஜி விகாரையின் ஷோசோயின் கருவூலத்திலும் இதே முறைதான். 756இல் கோமியோ அரசி தம் கணவரின் உடைமைகளை அங்கே காணிக்கையாக்கினார். அக்காலத்துப் பட்டுத்துணிகள் மரப்பெட்டிகளில் இருந்து இன்றளவும் எஞ்சியுள்ளன. ஆண்டுக்கொரு முறை இலையுதிர் காலத்தில்தான் முத்திரை பிரித்துத் திறக்கிறார்கள்.

நம் பகுதியின் காற்று நாராவின் காற்றன்று. ஐப்பசி, கார்த்திகையில் தாம்பரத்தில் சுவரே வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் துணியில் பூசணம் பிடிக்கும். ஆகவே மழைக்கு முன் ஒரு முறையும் தை பிறந்த பின் ஒரு முறையும் பட்டுகளை எடுத்து நிழலில் காற்றாட விடவேண்டும். வெயில் வேண்டா, வெயில் பட்டை மஞ்சளாக்கி நலியச் செய்யும். மீண்டும் வைக்கும்போது பழைய மடிப்பில் மடிக்கலாகாது. ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடக்கும் பட்டு அந்தக் கோட்டிலேயே விரியும். சரிகை ஓடும் இடத்தில் இன்னும் விரைவாக. சரிகை உட்புறம் வருமாறு மடித்து, கஞ்சியில்லாமல் துவைத்துக் காய்ந்த வெள்ளை மல் துணியில் சுற்றுங்கள். பழைய செய்தித்தாள் வேண்டா. அதன் அமிலமும் மையும் துணிக்கு ஏறும். கம்பி ஹாங்கரில் தொங்கவிடுவது கனமான புடவைக்குக் கேடு. தன் பாரத்தாலேயே அது தோள்பட்டில் நைந்துவிடும்.

பட்டு என்பது புரதம். அதை அரிக்கும் பூச்சியின் புழு வெறும் பட்டை விட, வியர்வையும் எண்ணெயும் பாயசத் துளியும் பட்ட பட்டையே விரும்பி உண்ணும். திருமணத்திலிருந்து திரும்பிய இரவே புடவையை மடித்து உள்ளே வைத்துவிடுகிறோமே, அதுதான் முதற்பிழை. ஓரிரவு கொடியில் கிடக்கட்டும். கறை இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். வீட்டில் அலசுவதாயின் முதல் இரண்டு மூன்று முறை வெறுந் தண்ணீர் போதும். பின்னர் பூந்திக்கொட்டை நீர். ஊறவைக்கவும் முறுக்கிப் பிழியவும் கூடாது; நனைந்த பட்டு வலுக் குன்றியிருக்கும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாயின் ஈரத்தோடு ஒரு நாழிகைகூட மடித்து வைக்கலாகாது. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன்.

சரிகை பற்றி ஒரு சொல். நல்ல சரிகை பட்டிழைமேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் இட்டது. வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். கறுத்த சரிகையைப் புளியாலோ சாம்பலாலோ தேய்த்தால் முலாமும் போய்விடும். நறுமணத் தைலத்தை உடுத்திய பின் புடவைமேல் தெளிப்பதும் சரிகைக்குப் பகை.

இனி, பாச்சை உருண்டை. நாப்தலின் ஆவி பூச்சியை விரட்டுவதோடு நில்லாது. மூடிய பெட்டிக்குள் புழுவைக் கொல்லவும் செய்யும். மனிதர் மூச்சுக்கும் நல்லதன்று. கூட்டுப்புழுவுக்காக இரங்கிப் பேசிவிட்டு அந்தின் புழுவை ஆவியிட்டுக் கொல்வது முறையா? பாட்டியார் வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் சிறு துணி முடிச்சில் கட்டி, புடவையில் படாமல் பெட்டியின் மூலையில் வைத்தார். அவற்றின் மணம் சில மாதங்களில் போய்விடும்; மாற்ற வேண்டும். மாற்றுவதற்காகவேனும் பெட்டியைத் திறப்பார்கள், துணி காற்றுக் காணும். அந்த முடிச்சின் பயனில் பாதி அதுவே என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளத்தில் நனைந்த புடவையை அன்று நிழலில் விரித்து உலர்த்தினேன். முந்தானையும் உடலின் ஒரு பகுதியும் தேறின. சாயம் கலந்த பகுதி தேறவில்லை. மேல்தட்டில் இருந்த என் திருமணப் புடவை ஓரத்துச் சரிகை கறுத்ததோடு தப்பியது. சென்ற சித்திரையில் அதை எடுத்து மடிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது தமக்கையாரின் பேத்தி வந்திருந்தாள். வருகிற தையில் அவளுக்குத் திருமணம். புதுப்பட்டு எடுக்கமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். அவள் அன்னைக்கு அதில் வருத்தம். “சின்னப்பாட்டி, இதை எனக்குக் கொடுப்பீர்களா?” என்று கேட்டாள். சரிகை கறுத்திருப்பதைக் காட்டினேன். அந்த முனையை இடுப்பில் செருகிக்கொண்டால் தெரியாது என்று சொல்லிப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தாள்.