கஞ்சியை வடிக்காதீர்கள்: குன்னூர் எலிகள் சோம்பேறிகளுக்குச் சொன்ன பாடம்

சமையல் பிடிக்காதவர்கள் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தால் முதல் உறுப்பினராகச் சேர நான் தயார். ஊட்டியில் நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். இங்கே டிசம்பர் மாதம் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். பாத்திரம் கழுவுவது யார் என்ற சண்டையிலேயே பாதி நாள் சமையல் நின்றுவிடும். அன்றைக்கெல்லாம் இரவுச் சாப்பாடு வெள்ளை பிரட், ஜாம், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. வேலை முடிந்தது!

இதே பிரட், ஜாம், டீயை 90 வருடங்களுக்கு முன்பே இங்கிருந்து 19 கிலோமீட்டர் தள்ளி, குன்னூரில், எலிகளுக்குப் போட்டுச் சோதித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனேன். அந்த எலிகளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஆய்வுக்கூடம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஒரே ஒரு அறை

குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம் போனவர்கள் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பீர்கள். வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் செய்வதற்காக 1907-ல் ஆரம்பிக்கப்பட்டது. அதில் ஒரே ஒரு அறையை வைத்துக்கொண்டு 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து 1928-ல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற பெயரில் தனி நிறுவனமானது. 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இன்று இந்தியாவில் எந்த உணவில் எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்பு என்று பட்டியல் போட்டுச் சொல்லும் நிறுவனம் நம் நீலகிரியில் பிறந்தது என்பது இங்கே படிக்கும் பலருக்கே தெரியாது.

பெரிபெரி என்றால் என்ன? கால் மரத்துப் போகும், நடக்க முடியாது, உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி அரிசி ஆலைகள் பரவிய ஆசிய நாடுகளில் எல்லாம் இந்த நோயும் கூடவே பரவியது. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது பலரும் நினைக்கவில்லை. ஏதோ கிருமி என்றே தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜாவாவில் இருந்த எய்க்மான் என்ற டச்சு மருத்துவரும் கிருமியைத்தான் தேடினார். அவர் வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று கால் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் தானாகவே சரியாகிவிட்டது. விசாரித்தால் விஷயம் சமையலறையில் இருந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்றபோது கோழிகளுக்கு நோய். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றைக் கோழிகளுக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன! நல்ல சத்து முழுவதும் தவிட்டோடு போய்க்கொண்டிருந்தது. இந்த ஆராய்ச்சிக்காக 1929-ல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருளைத்தான் இன்று வைட்டமின் பி1 அல்லது தயமின் என்கிறோம்.

அரிசிக்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது. முதல் உலகப்போரின்போது மெசபடோமியாவில் வெள்ளை மாவு ரொட்டியும் டப்பா இறைச்சியும் தின்ற பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெரிபெரி வந்தது. அதே களத்தில் ஆட்டா மாவும் பருப்பும் தின்ற இந்திய வீரர்கள் அதிலிருந்து தப்பினார்கள். (பச்சைக் காய்கறி கிடைக்காததால் அவர்களை ஸ்கர்வி பிடித்துக்கொண்டது என்பது தனிச் சோகம்.)

எலிகளின் பந்தி

இப்போது எலிகளுக்கு வருவோம். மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராஸி என்று ஏழு பந்திகள். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி என்று சாப்பிட்ட சீக்கியப் பந்தி எலிகள் சராசரியாக 235 கிராம் எடை. தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, காய், எண்ணெய், காபி என்று சாப்பிட்ட மதராஸிப் பந்தி எலிகள் 155 கிராம். ஏழாவது இடம். ஆமாம், நாம்தான் கடைசி.

இதைப் படித்து உடனே கோபப்பட வேண்டாம். வீர இனம், கோழை இனம் என்று மக்களைப் பிரித்து ராணுவத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கண்ணாடியை மெக்காரிசனும் முழுக்கக் கழற்றிவிடவில்லை. தவிர, பாலும் வெண்ணெயும் வாங்க வசதி இருப்பவனின் தட்டையும் இல்லாதவனின் தட்டையும் ஒப்பிட்டால் ஜெயிப்பது யார் என்று சொல்ல எலி தேவையில்லை. ஆனாலும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. எல்லாமே ஒரே இன எலிகள். வேறுபட்டது தட்டு மட்டும்தான்.

மெக்காரிசன் பிரிட்டனையும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் ஏழைகள் சாப்பிட்டது இன்னொரு பந்தி: வெள்ளை பிரட், மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும், டப்பா இறைச்சி, மலிவு ஜாம். இந்த எலிகள் சரியாக வளரவில்லை. பராமரிக்க வந்த ஆட்களைக் கடித்தன. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 60-ஆம் நாள் வாக்கில், பலமானவை பலவீனமானவற்றைக் கொன்று தின்ன ஆரம்பித்துவிட்டன.

எங்கள் அறையில் பாத்திரம் கழுவுவதற்கு நடக்கும் சண்டைக்கும் காரணம் இதுதானோ என்று ஒரு சந்தேகம் :-)

தூக்கி எறிவதற்காக ஓர் உழைப்பு

மெக்காரிசன் 1935-ல் ஓய்வுபெற்றுப் போக, அவர் இடத்துக்கு வந்தவர் அய்க்ராய்ட். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இவருடையதுதான். அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அரிசியை நெல்லிலிருந்து தட்டு வரை பின்தொடர்ந்தார்கள். 1940-ல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றி ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டார்கள். அதிலிருந்து சமையலறைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

அரிசியை ஆலையில் தீட்டும்போது ஒரு பங்கு தயமின் போகிறது. வீட்டில் மூன்று நான்கு முறை அலசி அலசிக் கொட்டும்போது இன்னொரு பங்கு. நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்கும்போது இன்னும் ஒரு பங்கு. இந்த வைட்டமின் தண்ணீரில் கரையக்கூடியது, அதுதான் காரணம். பச்சரிசிக்கு இழப்பு அதிகம். ஆனால் புழுங்கலரிசியில் கதை வேறு. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, பிறகு அரைக்கிறார்கள் இல்லையா? அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் கழுவினாலும் கணிசமான பங்கு தங்கிவிடுகிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஆலைப் பச்சரிசி சாப்பிட்ட வடக்குக் கடலோர ஆந்திரப் பகுதியில் பெரிபெரி ஆட்டம் போட்டது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்ததற்குக் காரணம் இதுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலசுவது வேலை. உலை கொதிக்கும்வரை காத்திருப்பது வேலை. பானையைச் சாய்த்து, கை சுடாமல் கஞ்சி வடிப்பது பெரிய வேலை. இவ்வளவு வேலையும் எதற்கு? சத்தை வெளியே கொட்டுவதற்கு! பழைய வீடுகளில் கழுநீரும் கஞ்சியும் மாட்டுத் தொட்டிக்குப் போகும். வீட்டிலேயே சத்தாகச் சாப்பிட்டது மாடுதான். கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த ஏழையும், பழைய சோற்றோடு நீராகாரம் குடித்த விவசாயியும் தெரியாமலேயே அதில் கொஞ்சத்தை மீட்டுக்கொண்டார்கள்.

யாருடைய முதுகு?

1934 டிசம்பரில் காந்தி அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பித்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அதன் செயலாளர். ஆலை அரிசிக்கு எதிராகக் கைக்குத்தல் அரிசியை அவர்கள் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். சத்துக் கணக்கில் அது சரிதான். ஆனால் உலக்கையைப் பிடிப்பது யார்? பெண்கள். தினமும் நெல் குத்திப் பழகிய ஒரு பெண்ணிடம், ஆலை வந்தபிறகு, மறுபடி உலக்கையை எடு என்று சொல்வது எளிது, குத்துவது அவள்தானே. வேலை குறைந்ததே என்று ஆலையை வரவேற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். காலையில் பெரட்டுக்குப் போய் நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிவிட்டு வரும் அம்மாவுக்கு, மாலையில் அடுப்படி என்பது இரண்டாவது வேலை. அவரைப் பார்த்து "சத்தாகச் சமையுங்கள்" என்று உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. வேலையும் குறைய வேண்டும், சத்தும் போகக்கூடாது. அப்படி ஒரு வழி உண்டா? குன்னூர் ஆராய்ச்சி சொல்வது, உண்டு. புழுங்கலரிசி அந்த வழி. வடிக்காத சோறு அந்த வழி.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சமையலில் சோம்பேறித்தனம் இரண்டு வகை. ஒன்று, வேறு யாரோ சத்தை எடுத்துவிட்டு விற்பதை வாங்கித் தின்பது, பிரட் ஜாம் மாதிரி. இன்னொன்று, எடுப்பதற்கு நாமே சோம்பல் படுவது. தோல் சீவச் சோம்பல், வடிக்கச் சோம்பல், சலிக்கச் சோம்பல். முதல் வகை எலிகளைக் கொன்றது. இரண்டாவது வகையைக் குன்னூர் விஞ்ஞானிகளே ஒப்புக்கொள்வார்கள்.

மலையும் குக்கரும்

சமவெளி நண்பர்களுக்கு ஒரு தகவல். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரி வரை போகாமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டு கிடக்கும். இங்கே குக்கர் என்பது வசதி இல்லை, அவசியம். 1959-ல் ஹாக்கின்ஸ், பிரெஸ்டீஜ் இரண்டும் இந்தியாவில் குக்கர் தயாரிப்பைத் தொடங்கின. அளந்து தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் வடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. அய்க்ராய்ட் அறிக்கை எழுதிச் சொன்னதைக் குக்கர் விசிலடித்துச் செய்துவிட்டது.

சரி, என்ன சமைக்கலாம்?

எங்கள் அறையில் இப்போது ஓடிக்கொண்டிருப்பவை மூன்று.

ஒன்று, ஒரே குக்கர் சோறு. ஒரு டம்ளர் புழுங்கலரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு. ஒரே ஒரு முறை அலசவும். நான்கு டம்ளர் தண்ணீரில் அரை மணி ஊறட்டும், அதே தண்ணீரிலேயே வேகட்டும். ஊட்டி கேரட்டைத் தோல் சீவாமல் நன்றாகக் கழுவி நறுக்கிப் போடவும். ஒரு பிடி கீரை, நாலு பல் பூண்டு, மஞ்சள்தூள், உப்பு. ஆறு விசில். மேலே ஒரு கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய். கழுவ வேண்டியது ஒரே பாத்திரம்!

இரண்டு, ராகிக் களி. படுகர் வீடுகளில் ஹிட்டு என்பார்கள். அரிசி பரவுவதற்கு முன்னால் ராகியும் சாமையும்தான் இந்த மலையின் முக்கிய தானியங்கள். ராகியை முழுதாக அரைப்பதால் தவிடு எங்கும் போவதில்லை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் மாவைப் போட்டு, மூடி, கட்டி தட்டாமல் கிளறி இறக்கினால் 15 நிமிடத்தில் சாப்பாடு. அவரைக்கொட்டைக் குழம்பு இருந்தால் பிரமாதம், இல்லாவிட்டால் மோர் போதும்.

மூன்று, இலங்கை ரொட்டி. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழர்களில் ஏராளமானோர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது. பிறகு அதுதான் டேன்டீ ஆனது. அவர்கள் கூடவே கொண்டுவந்தது இந்த ரொட்டி. மாவு, தேங்காய்த் துருவல், உப்பு, தண்ணீர். பிசைந்து கையால் தட்டிக் கல்லில் போட வேண்டியதுதான். குழவி வேண்டாம், காத்திருக்க வேண்டாம். பெரட்டுக்கு ஓடுகிறவர்களின் கண்டுபிடிப்பு என்று பார்த்தாலே தெரியும். அங்கே வெள்ளை மாவில் செய்வார்கள். நாங்கள் சலிக்காத ஆட்டாவில் செய்கிறோம். தொட்டுக்கொள்ள வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தட்டிய சம்பல்.

ஓர் எச்சரிக்கை மட்டும். வங்காளத்தில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருக்கும் பகுதிகளில் சுத்தமான நீர் நிறைய ஊற்றி வடித்துவிடத்தான் சொல்கிறார்கள். நான் சொன்னது நம் ஊர்த் தண்ணீருக்கு.

அடுத்த முறை குன்னூர் போனால் சிம்ஸ் பூங்காவில் படம் எடுத்துவிட்டு அப்படியே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டையும் வெளியிலிருந்து ஒரு பார்வை பாருங்கள். எலிகளுக்கு அங்கே சிலை இல்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி வடிக்காமல் ஒரு சோறு வைத்தால் போதும், அவற்றுக்கு அதுவே மரியாதை. பிறகு அந்தக் குக்கரை யார் கழுவுவது என்பதை மட்டும் சாப்பிடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.