வீட்டு மொழியும் பாடசாலை வாசலும்

ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை குறைவு என்ற எண்ணம் குடியேறிகள் மிகுந்த நாடுகளின் பாடசாலைகளில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை என்பதே அதற்குக் காட்டப்படும் சான்று. ஆனால் அமெரிக்காவின் கல்வி வரலாறு இதற்கு நேர்மாறான உண்மையைச் சொல்கின்றது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு அந்நாட்டில் கிடைத்த முக்கிய உரிமைகள் சில, அத்தகைய குடும்பங்கள் நீதிமன்றப் படியேறியதால் கிடைத்தவையாகும்.

கலிபோர்னியாவில் சான் டியேகோவுக்கு அருகே லெமன் குரோவ் என்ற சிற்றூர் உள்ளது. 1931 ஜனவரி 5ஆம் திகதி அங்குள்ள ஆரம்பப் பாடசாலையின் அதிபர் வாசலில் நின்று, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 75 பேரை உள்ளே விடாது தடுத்தார். அவர்களுக்கெனத் தனிக் கட்டடம் ஒன்றைப் பாடசாலைச் சபை எழுப்பியிருந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் பின்தங்கியவர்கள் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் அப்பிள்ளைகளுட் பெரும்பாலானோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்.

கூலித் தொழிலாளரான பெற்றோர் அக்கட்டடத்தைக் குதிரை லாயம் என்றழைத்து, பிள்ளைகளை அங்கு அனுப்ப மறுத்துவிட்டனர். அயலவர் குழுவொன்றை அமைத்து, மெக்சிக்கோத் துணைத்தூதரின் உதவியுடன் வழக்கறிஞர்களைப் பெற்றனர். ரொபேர்ட்டோ அல்வாரெஸ் என்ற 12 வயது மாணவனின் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. பிள்ளைகளைப் பிரித்துவைத்தால், யாருடன் பழகி ஆங்கிலம் கற்க வேண்டுமோ அவர்களின் உறவே இல்லாது போகும் என்று நீதிபதி குளோட் சேம்பர்ஸ் கருதினார். பெற்றோர் வென்றனர். சபை மேன்முறையீடு செய்யாததால் தீர்ப்பின் பலன் அவ்வூரோடு நின்றது.

சுமார் நாற்பது ஆண்டுகளின் பின், 1970இல், சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள் வழக்காடின. ஆங்கிலம் தெரியாத ஏறத்தாழ 1,800 சீன மாணவர்களுக்கு விசேட உதவி எதுவும் கிடைக்கவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. லாவ் எதிர் நிக்கல்ஸ் எனப்படும் அவ்வழக்கில் 1974 ஜனவரி 21ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் ஒரே பாடத்திட்டமும் இருந்தால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது. பாடம் விளங்காத பிள்ளைக்கு அங்கு கல்வியே இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டமே அதற்கு ஆதாரமாயிற்று.

பிள்ளைகளைப் பற்றிய இத்தீர்ப்பு பலரும் அறிந்தது. பெற்றோரைப் பற்றிய ஆவணமொன்று அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1970 மே 25ஆம் திகதி மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை, ஏனைய பெற்றோருக்கு அறிவிக்கப்படும் பாடசாலைச் செய்திகளைச் சிறுபான்மை இனப் பெற்றோருக்கும் அறிவிக்க வேண்டும் என்றும், அதற்கு ஆங்கிலமல்லாத மொழி தேவைப்படலாம் என்றும் கூறியது. அழைப்பு விளங்காதவர் கூட்டத்துக்கு வராததை அக்கறையின்மை என்று கொள்வது நியாயமல்ல. முதலில் விளங்கும்படி அழைப்பது பாடசாலையின் கடமை.

2015இல் வெளியான அரச வழிகாட்டல் இதனை மேலும் விரித்தது. பிள்ளைகளையோ உறவினரையோ மொழிபெயர்ப்பாளராக நம்பியிருத்தலாகாது என்றது. காரணம் எளிது. தன்னைப் பற்றிய ஆசிரியரின் முறைப்பாட்டை எட்டு வயதுப் பிள்ளை தாய்க்கு மொழிபெயர்த்தால், முறைப்பாடு பாதி வழியிலேயே மாறிவிடும். வீட்டில் யார் பெரியவர் என்ற ஒழுங்கும் கூடவே மாறிவிடும். 1983இன் பின் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குடியேறிய நம்மவர் பலருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2025 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரம்ப் ஆங்கிலத்தை அமெரிக்காவின் அரச மொழியாக அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 2015ஆம் ஆண்டின் வழிகாட்டல் மீளப் பெறப்பட்டது. எனினும் 1964ஆம் ஆண்டின் சட்டமும், மொழித் தடையை நீக்கப் பாடசாலைகளைப் பணிக்கும் 1974ஆம் ஆண்டின் சம கல்வி வாய்ப்புச் சட்டமும் நீக்கப்படவில்லை. சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, அது வகுப்பறையை எட்டுவது வேறு. லெமன் குரோவின் தொழிலாளர் ஒன்றுகூடியபோது இச்சட்டங்களுள் எதுவும் பிறந்திருக்கவில்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் பிள்ளைகளின் படிப்பிலிருந்த அக்கறை ஒன்றே.