தாப்பா ஏற்றத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் எவ்வளவு தூரம் ஓடும்?

கார் வாங்கும்போது தரும் விளம்பரத் தாளில், லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று அச்சிட்டிருக்கும். அதே கார் குடும்பத்தோடு தாப்பாவிலிருந்து மலையேறி லெம்பா பெர்த்தாம் வந்து சேரும்போது கணக்கு பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பெட்ரோல் நிலையத்தையோ பட்டறைக்காரரையோ சந்தேகிக்கும் முன், அந்த அச்சிட்ட எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

என்.இ.டி.சி. எனப்படும் பழைய ஐரோப்பியச் சோதனையில் கார் சாலைக்கே வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் நிறுத்தி, ஏர்கோனை அணைத்துவிட்டு, சுமார் 20 நிமிடங்களில் 11 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். 2017-இல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 30 நிமிடம், 23 கிலோமீட்டர் என்று நீண்டது. ஆனால் இரண்டிலுமே ஏற்றம் கிடையாது. நமக்கோ வீட்டுக்குப் போவதே ஏற்றம்தான்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் சுமார் 45 கிலோமீட்டர். அதற்குள் கார் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள சிறிய காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோல் தேவை. பெட்ரோலில் உள்ள சக்தியில் கால் பங்கைத்தான் இயந்திரம் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சமதரையில் 3 லிட்டரில் முடியும் பயணம் இங்கே நாலரை லிட்டர் கேட்கிறது. பின்னால் 100 கிலோ அரிசியும் சாமானும் ஏற்றினால் கூடுவது ஒரு சின்ன கிளாஸ் தேநீர் அளவுதான். அதற்காக உறவினர் கொடுத்ததைக் கீழேயே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

இறங்கும்போது செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. இங்கேதான் பழைய பழக்கம் ஒன்று ஆபத்தாகிறது. எண்ணெய் மிச்சமாகும் என்று ஃப்ரீ கியரில் விட்டு இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் வைத்த கார்களின் காலத்தில் அதற்கு ஓரளவு காரணம் இருந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால், இயந்திரம் வேகமாகச் சுழலும் வரை பெட்ரோல் விநியோகமே நின்றுவிடுகிறது. ஃப்ரீ கியரில்தான் இயந்திரம் அணையாமலிருக்க எண்ணெய் குடிக்கிறது. அதாவது மிச்சம் எதுவுமில்லை, செலவுதான்.

அதோடு வேகத்தைப் பிடித்து நிறுத்த பிரேக் மட்டுமே மிஞ்சும். வளைவுக்கு வளைவு மிதித்தால் அது சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி பஞ்சுபோல் அமுங்கிவிடும். இயந்திரத்தையே அணைத்து இறங்கினால் இன்னும் மோசம்: சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஆட்டோ கியர் காராக இருந்தாலும் 2 அல்லது எல் நிலையில் இறங்குவதே சரி.

சரியான கணக்கு வேண்டுமென்றால் தாப்பாவில் டேங்கை நிரப்பி, மேலே வந்து, திரும்பி இறங்கி, அதே நிலையத்தில் மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே உண்மை. ஏறும் வழியை மட்டும் பார்த்தால் மனம் உடையும். இறங்கும் வழியை மட்டும் பார்த்தால் பெருமை பொங்கும்.

பழைய கார்புரேட்டர் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சிக்கல். இங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கீழே சரிசெய்த கார்புரேட்டர் மேலே தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் விடும். பிளக் கரி பிடித்துக் கறுத்திருந்தால், பட்டறையில் அதைச் சரிபார்க்கச் சொல்லலாம்.

2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய பூடி95 திட்டத்தின் லிட்டர் 1.99 ரிங்கிட் விலையில் அந்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய 9 ரிங்கிட் ஆகிறது. டீசலில் நிலைமை கடுமை. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு உயர்ந்தபோது, காய்கறித் தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர்களுக்கும் அதே விலைதான். தகுதி பெற்றவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. அந்த 1.20 ரிங்கிட் வித்தியாசத்தை அது சுமார் 166 லிட்டர் வரை ஈடுசெய்யும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு லிட்டரும் சொந்தக் கைக்காசு.